ஷிப்ட் வேலையில் ஏ.டி.எச்.டி.: கூட இருப்பவர்கள் எப்படித் துணை நிற்கலாம்?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களில் பலர் வெளியூரிலிருந்து வந்து ரூமிலோ ஹாஸ்டலிலோ தங்கியிருக்கும் இளவயதுக்காரர்கள். அம்மா எழுப்பிவிட்டு, பையை எடுத்துக் கொடுத்து அனுப்பிய வரையில் தெரியாமலிருந்த ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு, தனியாக வந்ததும் வெளிப்பட்டுவிடுகிறது. ஐடி கார்டு தொலைகிறது, பஸ் போய்விடுகிறது. லைன் லீடர் அதை அலட்சியம் என்கிறார். அது அலட்சியமே அல்ல. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் அந்த நேரத்தில் கை ஓடாமல் போவதுதான் இந்தக் குறைபாடு.

முதலில், இது ஏ.டி.எச்.டி.தானா என்று பாருங்கள். நைட் ஷிப்டில் தூக்கம் கெட்டாலும் இதே மறதி வரும். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் இப்படித்தான் காட்டும். ஏ.டி.எச்.டி. என்றால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வேலையிடத்தில் மட்டுமின்றி வேறோர் இடத்திலாவது தெரிய வேண்டும். அதனால் ஊருக்குப் போன் போட்டு, அஞ்சாம் வகுப்பில் பிள்ளை எப்படி இருந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதலாக விசாரிக்க வேண்டும். ஓடியாடிக் குறும்பு செய்யாமல், வகுப்பில் அமைதியாக வேறெங்கோ நினைப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணை ‘சாது’ என்று விட்டிருப்பார்கள்.

அடுத்தது ரூம். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து ஐடி கார்டு, சாவி, பஸ் பாஸ் மூன்றையும் அதில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள். எழுந்திருக்க ஓர் அலாரம், கிளம்ப இன்னொன்று. சம்பளம் ஏறிய அன்றே வீட்டுக்கான பணம் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யலாம். நேரமாகிவிட்டது என்று பெங்களூரு நெடுஞ்சாலையில் பைக்கை முறுக்க விடாதீர்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு விபத்து அபாயம் மற்றவர்களைவிட அதிகம்.

லைன் லீடர்களுக்கு: ஐந்து வேலையை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வேலை வரிசையைப் படமாக அவர் கண்முன் ஒட்டுங்கள். தவறினால் தனியே அழைத்துப் பேசுங்கள். பத்துப் பேர் முன்னால் திட்டினால் அன்றைக்கு மிச்சமிருக்கும் கவனமும் போய்விடும். முடிந்தால் நடமாட்டம் உள்ள வேலைக்கு அவ்வப்போது மாற்றிவிடுங்கள்.

இதற்கு மேலும் திணறினால் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனாஸ் சேவை அது. இலவசம், தமிழிலும் பேசுவார்கள். சென்னை போக முடிந்தவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. கூடவே போங்கள், அப்பாயின்ட்மென்ட் தேதியே மறந்துபோகக்கூடியவர் அவர். போகும்போது அந்த மாத ஷிப்ட் அட்டவணையையும் எடுத்துச் செல்லுங்கள். ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை தூக்கத்தையும் பசியையும் குறைக்கக்கூடியது. நைட் ஷிப்ட் வாரத்தில் அதை எப்போது போடுவது என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.