முதல்ல சிகரெட், அப்புறம் தொப்பை

ஆயுத பூஜையோட சிகரெட்டை நிறுத்தின மாப்பிள்ளைக்கு தீபாவளிக்குள்ள ரெண்டு கிலோ கூடிடுச்சு, டயட்டையும் சேர்த்தே ஆரம்பிச்சிடலாமாக்கான்னு கேட்டியே, வேணாம்டி. பொங்கல் வரைக்கும் சிகரெட்டை மட்டும் பார்ப்போம். பசியையும் நிக்கோட்டினையும் ஒரே நேரத்துல அடக்கச் சொன்னா, ராத்திரி பத்து மணிக்கு ‘சும்மா காலாற நடந்துட்டு வரேன்’னு சட்டையை மாட்டிக்கிட்டுத் தெருமுனைக்குக் கிளம்பிடுவார். அந்த நடை எந்தக் கடை வாசல்ல முடியும்னு நமக்குத் தெரியாதா?

எடை ஏறுறது அவரோட நாக்குக் கொழுப்பு இல்லைன்னு முதல்ல நீ நம்பணும். நிக்கோட்டின் பசியை அமுக்கி வைக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பைக் கொஞ்சம் கூடுதலா எரிக்க வைக்கும். விட்டதும் அந்த ரெண்டும் போச்சு. போதாததுக்கு நாக்கும் மூக்கும் சில நாள்லயே முழிச்சுக்கும். உங்க மாமா விட்ட புதுசுல, ‘ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்கே’ன்னு ஒருநாள் கேட்டார். கல்யாணமானதுல இருந்து நான் போடுறது அதே பெருங்காயம்தான், அவருக்கு இப்பதான் வாசனை எட்டியிருக்கு.

கணக்கும் சொல்றேன், கேட்டுக்கோ. சிகரெட்டை விட்டவங்களைப் பத்தின 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை வந்தது. மருந்து எதுவும் எடுத்துக்காம விட்டவங்களுக்கு ஒரு வருஷத்துல சராசரியா நாலே முக்கால் கிலோ ஏறியிருக்கு. அதுல பாதிக்கு மேல முதல் மூணு மாசத்துலயே ஏறினது. ஆனா 100 பேர்ல 16 பேர் அதே ஒரு வருஷத்துல இளைச்சும் இருக்காங்க. 13 பேருக்கு 10 கிலோவுக்கு மேல போயிருக்கு. மாப்பிள்ளை எந்தக் கூட்டத்துல சேருவார்னு இப்பவே சொல்ல முடியாது. அந்த நாலஞ்சு கிலோ ஏறினாலும், விட்டதால இதயத்துக்குக் கிடைக்கிற லாபம் அழிஞ்சு போறதில்ல. அதனால எடை மெஷினைத் துடைச்சுப் பரண்ல வை. அவருக்கு ஒரு சைஸ் பெரிய பேன்ட் ரெண்டு எடு, சிகரெட்டுக்குப் போன காசுல எடு. தினம் காலையில ஆபீஸ் கிளம்பும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பொத்தான் போடுற மனுஷனுக்கு, ‘இதுக்கு சிகரெட்டே தேவலாம்’னு தோணுறது சகஜம்.

டயட் வேணாம்னா அடுப்படியில ஒண்ணுமே செய்யக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல. அவர்கிட்ட சொல்லாம செய்யலாம். சோத்துக்கு முன்னாடி பொரியல் கிண்ணத்தை வை, அளவையும் கூட்டு. கரண்டி கணக்கெல்லாம் வாய்விட்டுச் சொல்லாதே. சிகரெட்டை விட்ட நிறைய பேருக்கு மலச்சிக்கல் வரும், வெளியில சொல்லமாட்டாங்க, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிவாங்க. கீரை, வாழைத்தண்டு, கொய்யாப்பழம், தண்ணி எல்லாம் தாராளமா இருக்கட்டும். தீபாவளி பலகாரம் மிச்சம் இருந்தா அக்கம்பக்கத்துல குடுத்துத் தீர்த்துடு. எதிர்ல மிக்சர் டப்பாவை வெச்சுக்கிட்டு ‘தொடாதீங்க’ன்னு சொல்றது வம்பு.

கைக்கும் வாய்க்கும் பழக்கப்பட்ட வேலை இல்லாமப் போச்சு, அதுதான் பெரிய பாடு. ஆபீஸ் பையில ஒரு சின்ன டப்பா போட்டு விடு. சோம்பு, ரெண்டு கிராம்பு, ஏலக்காய், பொட்டுக்கடலை. வீட்டுல வெள்ளரிப் பிஞ்சு, கேரட், உப்பு தொட்ட நெல்லிக்காய். நெல்லிக்காய் எனக்கு ரொம்ப இஷ்டம். கடிக்க நேரமாகும், தின்னுட்டுத் தண்ணி குடிச்சா இனிக்கும், வாய்க்கு ஒரு வேலை. புதினா மிட்டாய் மட்டும் ஜாக்கிரதை. நம்ம ஊர் ஆம்பளைங்க சிகரெட்டுக்குப் பதிலா நாள் பூரா அதைச் சப்பிக்கிட்டே இருப்பாங்க, அத்தனையும் சர்க்கரை. சாயங்காலம் அஞ்சு, அஞ்சரைக்கு வயிறு காலியா இருந்தா எரிச்சலும் வரும், தம் ஞாபகமும் வரும். அந்த நேரத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கிடைச்சாலே பஜ்ஜிக் கடைப் பக்கம் கால் போகாது. சாப்பிட்டு முடிச்ச உடனே தட்டை எடுத்துடு, அவரையும் எழுப்பி விடு. அந்தச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற தம்மை விடுறது கஷ்டம்.

டீ, காபி பத்திக் கொஞ்சம் விவரமாவே சொல்லணும். இது நிறைய பேருக்குத் தெரியாது. சிகரெட் புகை உள்ள போகும்போது, ஈரல் காபியில இருக்கிற கஃபீனை ரொம்ப வேகமாக் கழிச்சு விட்டுடும். புகை நின்னதும் அந்த வேகமும் நின்னுடும். பழையபடி அதே அஞ்சு டீ குடிச்சா, ரத்தத்துல கஃபீன் ஏறத்தாழ ரெண்டு மடங்கா நிக்கும். கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறது எல்லாம் வரும். ‘சிகரெட்டை விட்டதாலதான் தூக்கம் போச்சு’ன்னு அவர் நினைச்சுக்குவார். பாதிக் குத்தம் டிகாக்‌ஷன் மேல. அதனால டீ, காபியைப் பாதியாக் குறை. டம்ளரை மாத்தாதே, டிகாக்‌ஷனை இளசா விடு, மதியத்துக்கு மேல மோரோ சுக்குத் தண்ணியோ குடு. சர்க்கரையும் அதோட தானாக் குறையும். தூங்காத மனுஷனுக்கு மறுநாள் பசியும் ஜாஸ்தி, கோபமும் ஜாஸ்தி, அதனால எடைக்கும் இது நல்லதுதான்.

அப்புறம் டீக்கடை. பாய்லர் பக்கத்துல தொங்குற கயிறு முனையில கனிஞ்சிக்கிட்டே இருக்குமே, குனிஞ்சு பத்த வைக்கிற கயிறு, அந்த வாசனை பட்டாலே பாதி பேருக்குக் கை சட்டைப் பையைத் தேடும். டீயே குடிக்காதீங்கன்னா கேட்க மாட்டார். கடையை மாத்தச் சொல்லு. சிகரெட் விக்காத ஜூஸ் கடை, ஆபீஸ் கேன்டீன், எதுவா இருந்தாலும் சரி. கூட்டாளிங்ககிட்ட அவரே ஒரு வார்த்தை, ‘எனக்கு நீட்டாதீங்கப்பா’ன்னு சொல்லிடணும். நீ போய்ச் சொன்னா அசிங்கமாயிடும்.

தம் அடிக்கணும்னு வர்ற அந்த நமைச்சல் சாதாரணமா அஞ்சு, பத்து நிமிஷத்துக்கு மேல நிக்காது. அந்த நேரத்தைத் தள்ளிட்டா அது தானா அடங்கும். மொட்டை மாடிக்கு ஏறி இறங்கட்டும், பச்சைத் தண்ணியில முகம் கழுவட்டும், உனக்கு ஒரு போன் போடட்டும். போன் வந்தா ‘என்ன, சிகரெட் ஞாபகமா?’ன்னு கேட்காதே. கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேளு, பிள்ளை கணக்குல எத்தனை மார்க்குன்னு சொல்லு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கால் மணி நேரம் நடங்க. சுறுசுறுப்பா நடந்தா அந்த நமைச்சலும் குறையுது, கிலோவுக்கும் ஆகுது. உடற்பயிற்சின்னு பேர் வைக்காதே, பால் பாக்கெட் வாங்கப் போறோம்னு வை. பெட்டிக்கடை இல்லாத தெருவா நீயே பார்த்து வெச்சுக்கோ.

வாயைப் பத்தியும் சொல்லிடறேன். முதல் வாரம்தான் எரிச்சல் உச்சத்துல இருக்கும், ரெண்டிலிருந்து நாலு வாரத்துல தணியும். அந்த நாள்ல அவர் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு திருப்பிச் சொல்லணும்னு இல்ல. அதுக்காக எல்லாத்தையும் வாங்கிக் கட்டிக்கவும் வேணாம்; தட்டு பறந்தா, ‘விட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல’ன்னு நேராச் சொல்லிடு. சட்டையை மோந்து பார்க்கிறது, பாக்கெட்டைத் துழாவுறது, பிள்ளை தலையில கை வெச்சு சத்தியம் கேட்கிறது, இதெல்லாம் கூடாது. சத்தியம் வாங்கின வீட்டுல அடுத்தது பொய்தான் நடக்கும், நான் பார்த்திருக்கேன். மாமியார்கிட்ட ‘என்ன, மாப்பிள்ளை மாதிரி சதை போட்டுட்டான்’னு சொல்ல வேணாம்னு முன்கூட்டியே சொல்லி வை. தொப்பையைத் தட்டிப் பார்க்கிற சித்தப்பா ஒருத்தர் எல்லாக் குடும்பத்துலயும் இருப்பார். அவர் வாயை நீ அடை.

கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலை போடுறார்னு சொன்னியே, ரொம்ப நல்லது. மாலை போட்ட ஆம்பளைங்க 41 நாள் சிகரெட்டைத் தொடாம இருக்கிறதை நாம வருஷா வருஷம் பார்க்கிறோம். உடம்புக்கு நிக்கோட்டின் இல்லாம வர்ற பாடு எல்லாம் அதுக்குள்ள பெரும்பாலும் தீர்ந்தே போயிடும். அதனால இருமுடி இறக்கிட்டு வந்ததும் பத்த வைக்கிறது உடம்பு கேட்டு இல்ல, ‘விரதம் முடிஞ்சுது’ங்கிற நினைப்புல. ஆபத்து மாலையைக் கழட்டுற அன்னிக்குத்தான். ஊருக்குத் திரும்புற வண்டியில கூட்டமா இறங்கி டீ குடிக்கிற இடத்துலயே பாதி பேர் ஆரம்பிச்சிடுறாங்க. அன்னிக்கு என்ன செய்யப் போறோம்னு மலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே குருசாமிகிட்டயும் சொல்லி வைக்கச் சொல்லு. விரதத்துல ஒருவேளைச் சாப்பாடுன்னு இருந்துட்டு, முடிஞ்ச கையோட பிரியாணியும் பரோட்டாவும் ஒரே மூச்சுல ஏத்தினா எடையும் அப்பத்தான் ஏறும்.

ரொம்பத் தவிக்கிறார்னா மருந்துக் கடையில நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கு, 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு ரெண்டு அளவு. எழுந்த அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் பிடிச்சவருக்குப் பொதுவா 4. நம்மாளுங்க பபிள்கம் மாதிரி சவக்கு சவக்குன்னு மென்னு முழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்து, ‘இது நமக்கு ஒத்துக்கலை’ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. மெல்ல மெல்ல மெல்லணும். மிளகு காரம் மாதிரி சுருக்குன்னதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைக்கணும். காரம் அடங்கினதும் திரும்பவும் மெல்லணும். அரை மணி நேரம் இப்படியே. டீ, காபி, ஜூஸ் குடிச்ச கால் மணி நேரத்துக்குள்ள போட்டா மருந்து சரியா ஏறாது. இந்த சூயிங்கம் போடுற வரைக்கும் எடை ஏறுறது கொஞ்சம் தள்ளிப் போகும், அதுவும் ஒரு லாபம். மாத்திரைகளும் இருக்கு, புப்ரோபியான், வரெனிக்ளின்னு. அது டாக்டர் பார்த்து எழுதிக் குடுக்க வேண்டியது.

மாப்பிள்ளைக்கு சுகர் இல்ல, சரி. அவர் அண்ணனும் விடப் போறார்னா, அவருக்கு சுகர் இருக்கே, டாக்டர்கிட்ட சொல்லிட்டு விடட்டும். முதல் சில வாரம் சுகரை அடிக்கடி பார்க்கணும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்கு ஓலன்சபின், க்ளோசபின் எடுக்கிறவங்களுக்கும் காபி கதைதான், புகை நின்னா மருந்து ரத்தத்துல கூடும், அளவை டாக்டர் மாத்த வேண்டியிருக்கும். விட்ட புதுசுல இருமல் கூடினா பதறாதே, நுரையீரல் தன்னைத் தானே கூட்டிப் பெருக்கிக்குது. ஆனா வாரக்கணக்குல நீடிச்சாலோ சளியில ரத்தம் தெரிஞ்சாலோ உடனே காட்டணும். சிகரெட்டுக்குப் பதிலா பாக்கு, ஹான்ஸ்னு வாயில ஒதுக்க மட்டும் விட்டுடாதே, அது நேரா வாய்ப் புற்றுநோய் பக்கம். இ-சிகரெட்டை 2019லயே நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க, யாராவது கள்ளத்தனமா வாங்கிக் குடுத்தாலும் வேணாம்.

என்கிட்ட பேசக் கூச்சப்பட்டார்னா 1800-11-2356க்குப் பேசச் சொல்லு. புகையிலையை விட உதவுற அரசாங்க நம்பர், காசு கிடையாது. எத்தனையோ பாக்கெட்டைப் பிரிச்சிருப்பார், அந்த எச்சரிக்கைப் படத்தோடயே அது அச்சடிச்சிருந்தது.

நடுவுல ஏதாவது கல்யாண வீட்டுல ஒண்ணு பிடிச்சுட்டு வந்தார்னா, எல்லாம் போச்சுன்னு உட்காராதே. அவரையும் அப்படி நினைக்க விடாதே. ஒண்ணு பிடிச்சதுக்கும் ஒரு பாக்கெட் வாங்கினதுக்கும் தூரம் நிறைய. எங்க, எப்ப, யார்கூடன்னு மட்டும் சாவகாசமாக் கேட்டு வெச்சுக்கோ, அடுத்த கல்யாணத்துக்கு உதவும். மறுநாள் டப்பாவுல சோம்பைப் போட்டுப் பையில வை.

நீயும் அவரோட சேர்ந்து சுண்டல், பொட்டுக்கடலைன்னு நாள் பூரா கொறிச்சுக்கிட்டே இருக்காதே, உனக்கும் ஏறும். பொங்கல் கழிச்சு மெஷினைப் பரண்ல இருந்து இறக்கி, எவ்வளவு காட்டுதுன்னு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு. அரிசியை எவ்வளவு குறைக்கிறது, காலை நடையை எவ்வளவு கூட்டுறதுன்னு அப்ப உட்கார்ந்து பேசிக்கலாம்.