வெயிலில் கொதிக்காத ஜீப் குளிரில் கொதிப்பது ஏன்?

கேள்வி: சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். பழைய டீசல் வண்டி. விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு போனால், பாதி மேடு ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. அதே வண்டி உச்சி வெயிலில் போடி, தேனி என்று ஓடினால் முள் அசைவதே இல்லை. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். ரேடியேட்டரும் புதிதாக மாற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இன்னும் மோசம். என்ன செய்யலாம்?
— ஜீப் ஓட்டுநர், சூரியநெல்லி

பதில்: தேனி ரோட்டில் முள் அசையவில்லை என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ, வாட்டர் பம்ப் பழுதாகியிருந்தாலோ வேகமாக ஓடும்போதும் சூடேறும். உங்கள் வண்டி மேட்டில் மட்டும் கொதிக்கிறது. தார் ரோட்டில் ஓட்டமே காற்றை ரேடியேட்டருக்குள் தள்ளிவிடும். கல்லும் குழியுமான மேட்டில் முதல் கியரில் ஆள் நடக்கிற வேகம்தான். இன்ஜினுக்கோ முழு லோடு. அங்கே ஃபேன் இழுக்கிற காற்றைத் தவிர வேறு காற்று கிடையாது. விடியற்காலைக் குளிர் இதை ஈடுகட்டாது.

அதனால் முதலில் பானட்டைத் திறந்து பாருங்கள். பழைய ரேடியேட்டரில் ஃபேனைச் சுற்றி ஒரு தகரக் கூடு இருந்திருக்கும். அது இப்போது இருக்கிறதா? புது ரேடியேட்டரில் போல்ட் துளை பொருந்தாவிட்டால் அதை ஓரமாக வைத்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவது பல பட்டறைகளில் நடப்பதுதான். கூடு இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டில் இருக்கும் சூட்டுக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். ரேடியேட்டர் மாற்றிய பிறகு மோசமானது என்பதால் என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான்.

வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, முன் கிரில்லில் ஒரு செய்தித்தாளை வைத்துப் பாருங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று வருகிறது. நழுவி விழுந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். நீளமான பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. ஃபேன் முன்பின்னாக மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே சேறும் புல்லும் சேர்ந்திருந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பை நேராக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரைப் போல அழுத்தத்தைப் பிடித்து வைப்பது மூடியின் வேலை. 0.9 என்று போட்ட நல்ல மூடி இருந்தால் அதே உயரத்தில் 115 டிகிரி வரை தாங்கும். ரப்பர் வெடித்திருந்தால் தேனியில் தெரியாத குறை மலையில் தெரியும். உங்கள் வண்டிக்கு உரிய எண் உள்ள மூடியே வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். கழற்றினால் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. சில இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் கொதிநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸ் வழியாக இன்ஜினுக்குத் திரும்பிவிடும். இறக்கத்தில் இன்ஜின் சூடேறாமலே ஓடித் தேயும். ஓடைத் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். கொதிநிலையும் உயரும், துருவும் பிடிக்காது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கொதித்தால், ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அந்த நிலையில் ஆள் ஏற்ற வேண்டாம்.

வழியில் முள் ஏறினால், தண்ணீர் வெளியே கொட்டாதவரை இன்ஜினை உடனே அணைக்காதீர்கள். சமமான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் சற்று வேகமாக ஓடவிட்டால் ஃபேன் சூட்டை இறக்கும். கொட்டினால் உடனே அணையுங்கள். சூட்டோடு மூடியைத் தொடவே கூடாது. பீறிடும் நீராவி முகத்தை வேகவைத்துவிடும். காய்ந்த இன்ஜினில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூரிய உதயம் தவறிப்போகிறதே என்று வண்டியில் இருப்பவர்கள் அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.