பல்லாங்குழியில் கணக்கு

மாலை வேளைகளில் நம் மாணவர் பலர் கைபேசியைச் சுற்றிக் கூடியிருப்பதைக் காண்கிறோம். அவர்கள் ஆடும் ஆட்டங்களுள் ஒரு வகை உண்டு. இரு தரப்பினர் ஒரே களத்தில் இறங்குவர். களத்தில் சிதறிக் கிடக்கும் பொருள்களை யார் மிகுதியாகச் சேர்க்கின்றார் என்பதே போட்டி. எதிரியை வீழ்த்துவது அதில் இரண்டாம் பட்சம்; சேர்ப்பதே முதன்மை. புதுமையானது என்று நண்பர்கள் வியக்கும் இவ்வாட்டத்தின் அடிப்படை, நம் தஞ்சைத் தரணியின் திண்ணைகளிலும் கூடங்களிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதற்குப் பெயர் பல்லாங்குழி. பன்னாங்குழி, பள்ளாங்குழி என்றும் வழங்குவர்.

ஆடு புலி ஆட்டத்தில் ஆடு வெட்டுப்படும். தாயத்திலும் சொக்கட்டானிலும் காய் வெட்டுப்படுவதோடு, விழுகின்ற எண்ணும் நம் கையில் இல்லை. பல்லாங்குழியில் வெட்டுவதும் இல்லை, உருட்டுவதும் இல்லை. எல்லாக் காய்களும் இருவர் கண்ணெதிரிலும் கிடக்கின்றன. எக்காயும் யாருக்கும் சொந்தமன்று. கையில் சேர்ந்த பின்னரே அது ஒருவருடையதாகிறது. ஆகவே தோற்றவர் அதிர்ஷ்டத்தின்மீது பழி போட இடமில்லை. இருந்தும் இதனை நம்மவர் 'பெண்பிள்ளைகள் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிட்டனர். பூப்பெய்திய பெண்ணும் பிள்ளைத்தாய்ச்சியும் வீட்டிலே இருக்க நேர்ந்த நாள்களில் ஆடியது, சிவராத்திரியிலும் வைகுண்ட ஏகாதசியிலும் கண் விழிக்க ஆடியது என்பன உண்மையே. அதனால் அது எளிய ஆட்டம் என்பது மட்டும் உண்மையன்று. அதனைக் கணக்குப் போட்டே காட்ட முயல்கிறேன்.

ஆடும் முறை

பலகையில் வரிசைக்கு ஏழாக இரு வரிசை, ஆக 14 குழிகள். மரம், பித்தளை, பழைய செல்வர் வீடுகளில் தந்தம் எனப் பலகை பலவாறு அமையும். மீன் வடிவில் மடக்கும் பலகையும் உண்டு. பலகை இல்லாதவர் மண்ணில் குழி பறித்துக்கொள்வர். கோயில் கல்தளங்களிலும் இத்தகைய குழிகளைக் காணலாம். காய் என்பது சோழியாகவோ, புளியங்கொட்டையாகவோ, குன்றிமணியாகவோ, மஞ்சாடியாகவோ இருக்கலாம். குழிக்கு 5 காய் இடுவது பெருவழக்கு. அவ்வாறாயின் மொத்தம் 70.

ஆடுபவர் தம் வரிசையில் ஒரு குழியின் காய்களை முழுதும் அள்ளி, அடுத்த குழி தொடங்கி ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். தம் வரிசையில் இடமிருந்து வலமாகச் சென்று எதிர் வரிசையில் திரும்பும் வட்டம் இது. கைக்காய் தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதனைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளவற்றைத் தமதாக்கிக்கொள்வார். இரு குழிகள் தொடர்ந்து வெறுமையாயின் ஒன்றும் கிட்டாது. ஆடும்போது ஒரு குழியில் சரியாக 4 காய் சேருமானால் அது 'பசு'. யார் ஆடினாலும், எவர் பக்கத்துக் குழியோ அவர் பசுவை உடனே எடுத்துக்கொள்வார்.

ஊருக்கு ஊர் வழக்கு மாறும். காயைத் துடைத்து எடுத்த பின்பும் சில இடங்களில் தொடர்ந்து ஆடுவர். வேறு சில வீடுகளில், எடுக்கும் குழிக்கு நேர் எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பர். தேவநேயப் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றிய தம் நூலில் இவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்தி எழுதியுள்ளார். இக்கட்டுரையில், துடைத்து எடுத்ததும் முறை முடிகிறது எனக் கொள்வோம்.

முதல் ஆட்டத்தின் கணக்கு

நம் வரிசையை இடமிருந்து வலமாக 1 முதல் 7 வரை எண்ணுவோம். வட்டத்தைத் தொடர்ந்து எதிர் வரிசை 8 முதல் 14 வரை. 7-க்கு நேர் எதிர் 8. 1-க்கு நேர் எதிர் 14. படிப்பவர்கள் தாளில் 14 வட்டம் போட்டுக்கொண்டு, புளியங்கொட்டையோடு உடன் வருவது நலம்.

1-ஆம் குழியை அள்ளுகிறோம். 5 காய்களும் 2 முதல் 6 வரை விழுகின்றன. அடுத்தது 7; அதன் 5-ஐ அள்ளி 8 முதல் 12 வரை இடுகிறோம். அடுத்து 13-ஐ அள்ளினால் 14, 1, 2, 3, 4 ஆகியவற்றில் விழும். இப்போது 5-ஆம் குழியில் 6 காய். அவை 6 முதல் 11 வரை செல்லும். பின்னர் 12-இல் உள்ள 6 காய்கள் 13, 14, 1, 2, 3, 4 என முடியும். அடுத்த குழியாகிய 5 வெறுமை. துடைத்து, 6-ஆம் குழியில் உள்ள 7 காய்களை எடுக்கிறோம். இடையில் எங்கும் பசு விழவில்லை.

இனி ஒரு வியப்பு. 1-க்குப் பதிலாக 2-ஐயோ 5-ஐயோ அள்ளித் தொடங்கியிருந்தாலும் கிடைப்பது அதே 7 தான். குழிகள் வட்டமாக அமைந்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு காய் இருப்பதால், எங்குத் தொடங்கினாலும் கதை ஒன்றே. கதை நடக்கும் இடம்தான் நகர்கிறது. அப்படியானால் முதல் ஆட்டத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லையா? உண்டு. நாம் எடுப்பது மாறாவிட்டாலும், நாம் எதிரிக்கு விட்டுச்செல்வது மாறுகிறது.

1-இல் தொடங்கியவர் விட்டுச்சென்ற பலகையைப் பார்ப்போம். நம் வரிசையில் முறையே 2, 8, 8, 8, 0, 0, 1. எதிர் வரிசையில் 8-ஆம் குழி தொடங்கி 7, 7, 7, 7, 0, 1, 7. மொத்தம் 63, நம் கையில் 7. கணக்கு சரி.

எதிரே இருப்பவர் புதியவராயின் கை நிறைய உள்ள குழியையே நாடுவார். 14-ஆம் குழியில் உள்ள 7-ஐ அவர் அள்ளுவதாகக் கொள்வோம். அவை 1 முதல் 7 வரை விழும். அடுத்து 8-இல் உள்ள 7-ஐ அள்ளினால், அவற்றுள் கடைசிக் காய் 1-ஆம் குழியில் விழுந்து அதனை 4 ஆக்கிவிடுகிறது. பசு! குழி நம்முடையது, ஆகவே 4 காய் நமக்கு. அவர் தொடர்ந்து 2-ஆம் குழியின் 9-ஐ அள்ளி 11 வரை இட்டு, 12-இன் ஒற்றைக் காயை 13-இலும், 14-இன் ஒற்றைக் காயை 1-இலும் இடுவார். 2 வெறுமை. துடைத்து 3-ஆம் குழியின் 10 காய்களை எடுப்பார். பத்துக் காய் பெரிய அறுவடைதான். ஆனால் நம் கையில் 11. அவர் கையில் 10.

அவரே 13-ஆம் குழியில் ஏழையாகக் கிடக்கும் ஒற்றைக் காயை எடுத்திருந்தால்? அது 14-இல் விழும். அடுத்து 1-இல் உள்ள 2 காய்கள் 2, 3 ஆகியவற்றில் விழும். 4-இல் உள்ள 8 காய்கள் 5 முதல் 12 வரை விழும். அடுத்த குழி 13, அவரே வெறுமையாக்கியது. துடைத்து, 14-இன் 8 காய்களை எடுப்பார். பசு எங்கும் இல்லை. அவர் கையில் 8. நம் கையில் 7.

10 எடுத்தவர் ஒன்று பின்தங்குகிறார். 8 எடுத்தவர் ஒன்று முந்துகிறார். இவ்வாட்டத்தின் நுட்பம் முழுதும் இதில் அடங்கியுள்ளது என்பது என் துணிபு. கண் முதலில் காண்பது எடுக்கும் காயை. காணத் தவறுவது, இடும் காய் எதிரியின் குழியில் என்ன செய்கிறது என்பதை. நண்பர்களின் கைபேசி ஆட்டத்திலும் தோற்பவர் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கிறார் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் இதனை ஒப்புக்கொள்வதில்லை.

தக்கமும் கஞ்சியும்

ஒரு சுற்று முடிந்ததும் ஆட்டம் முடிவதில்லை. அவரவர் வென்ற காயைக் கொண்டு அவரவர் குழிகளை நிரப்ப வேண்டும். ஒருவரிடம் 43, மற்றவரிடம் 27 எனக் கொள்வோம். 27 உடையவர் ஐந்து குழிகளை நிரப்பி 2 காய் மிச்சம் வைத்திருப்பார். நிரம்பாத இரு குழிகளும் 'தக்கம்'. அச்சுற்றில் அவை ஆட்டத்தில் சேரா. விதைநெல் இல்லாதவன் நிலம் தரிசாகக் கிடப்பது போன்றது இது. குழிக்குக் குழி காய் இடுவதைக் கண்டு மேனாட்டு அறிஞர்கள் இவ்வாட்ட இனம் முழுவதையுமே விதைப்பு ஆட்டங்கள் என்றனர். நெல் விளையும் நாட்டில் பிறந்த நமக்கு அச்சொல்லை விளக்கத் தேவையில்லை.

மேலும் மேலும் இழந்து ஐந்து காய்க்கும் குறைந்துவிட்டவரைக் குழிக்கு ஒரு காயாக இட்டு ஆட விடுவதும் உண்டு. அதற்குக் 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர். பெயர் வைத்தவருக்குப் பசி தெரிந்திருக்கிறது.

தொ. பரமசிவன், சமமாகத் தொடங்கும் இவ்வாட்டம் ஒருவரிடம் எல்லாம் குவிந்து மற்றவர் வெறுங்கையராவதில் முடிவதைச் சுட்டி, தனிச்சொத்துரிமை தோன்றியதன் சுவட்டை இதில் கண்டார். அருமையான பார்வை. எனினும் கணக்கு ஓரிடத்தில் வேறொன்றும் சொல்கிறது. மேற்சொன்ன இரண்டாம் சுற்றில் பலகையில் இருப்பவை 35-உம் 25-உம், ஆக 60 காய்கள். 43 உடையவரின் 8 காய்கள் ஆடாமல் ஒதுங்கிக் கிடக்கின்றன. இச்சுற்றில் இருவரும் சரிபாதியாக 30 வீதம் எடுத்தால், இழந்தவர் கையில் 32. அதாவது ஆறு குழிகள். ஒரு தக்கம் மீண்டுவிட்டது. 16 காய் வேறுபாடு 6 ஆகச் சுருங்கியும் விட்டது. ஆகவே வீழ்ச்சி விதிக்கப்பட்டதன்று. ஆனால் ஏழு குழிகளில் தேர்ந்தெடுப்பவருக்கும் ஐந்தில் தேர்ந்தெடுப்பவருக்கும் சரிபாதி எளிதில் அமைவதில்லை. காய் குறைந்ததைவிடத் தேர்வு குறைந்ததே அவரை வருத்துகிறது. எந்தத் தோற்ற ஆட்டக்காரரைக் கேட்டாலும் இதனையே சொல்வார்.

கடல் கடந்த உறவுகள்

அரபு நாட்டார் இவ்வினத்தை 'நகர்த்துதல்' என்னும் பொருளுடைய சொல்லால் மங்காலா என்றனர். இலங்கையில் சிங்களவர் புத்தாண்டில் குன்றிமணி கொண்டு ஆடும் ஒலிந்த கெளியவும், மலேசியாவின் சோங்காக்கும் நம் பல்லாங்குழியின் உடன்பிறப்புகள். மேற்கு ஆப்பிரிக்காவிலோ 12 குழி, 48 காய் கொண்ட அவாரி ஆடப்படுகிறது. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ரொமைன், பால் என்னும் இரு அறிஞர்கள் 2002-இல் 144 செயலிகளைக் கொண்ட கணிப்பொறித் தொகுதியால் அவாரியின் 88,906 கோடிக்கும் மேற்பட்ட நிலைகளை ஆராய்ந்து முடித்தனர். இருவரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்பது முடிவு.

அவாரியில் ஒரு முறை அள்ளி இட்டதும் முறை முடிந்துவிடும். நம் ஆட்டத்தில் மேலே கண்டதுபோல் ஒரே முறையில் ஐந்து, ஆறு தடவைகூட அள்ள நேர்கிறது. பொறிக்கு அது பொருட்டன்று. கண்ணால் பார்த்தே மனத்தில் இட்டு முடிக்க வேண்டிய மனிதருக்கு அதுவே கடினம்.

எங்கள் வீட்டில் அம்மாயி ஆடும்போது விரலால் எண்ணிப் பார்த்ததில்லை. பார்வை மட்டும் பலகையைச் சுற்றி வரும். பிறகு கை இறங்கும். அவர் வழக்கம், துடைத்து எடுக்கும் குழியோடு எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பது. அம்முறையில் முதல் ஆட்டத்துக்கு ஏழு குழிகளையும் தாளில் போட்டுப் பார்த்தேன். 3-இல் தொடங்கினால் கிடைப்பது 7, எதிர்க்குழி வெறுமை. 2-இலும் 6-இலும் 8, 5-இல் 9, 1-இலும் 7-இலும் 14, நடுக்குழியாகிய 4-இல் மட்டும் 7-உம் 8-உம் சேர்ந்து 15. விடுமுறையில் இதனை அம்மாயியிடம் காட்டி, முதலில் எந்தக் குழியை எடுக்க வேண்டும் தெரியுமா என்று கேட்டேன். "நடுக்குழிதான், வேற எதை எடுப்பாங்க?" என்றார். கணக்கைக் கேட்கவில்லை. காயைப் போடச் சொன்னார்.