ஒரே பாட்டை மூன்று பேரிடம் கேளுங்கள்: ஜாஸ் பாட்டு ஆல்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

1950களின் அமெரிக்க ஜாஸ் பாட்டு ஆல்பங்களைக் கேட்க ஆசைப்படும் பலர் பாடகரின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். ஃபிராங்க் சினாட்ரா என்றோ பில்லி ஹாலிடே என்றோ தேடி, கிடைக்கிற 'பெஸ்ட் ஆஃப்' தொகுப்பை ஓடவிடுகிறார்கள். இருபது பாட்டுக்குள் எல்லாம் ஒன்றுபோல் கேட்க ஆரம்பித்துவிடும். அத்தோடு சலித்து விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுவிட்டவர்களுக்கும் இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பாடகரை விட்டுவிட்டுப் பாட்டைப் பின்தொடருங்கள்.

காரணம் இந்த இசையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஜாஸ்காரர்கள் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லும் பாட்டுகளில் பெரும்பாலானவை 1920களிலிருந்து 1950கள்வரை நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்டவை. எழுதியவர்கள் கோல் போர்ட்டர், இர்விங் பெர்லின், ஜெரோம் கெர்ன், ஹெரால்ட் ஆர்லன், கெர்ஷ்வின் சகோதரர்கள், ராட்ஜர்ஸ்–ஹார்ட் ஜோடி போன்றவர்கள். பல நாடகங்களை இன்று யாரும் மேடையேற்றுவதில்லை. பாட்டுகள் மட்டும் தங்கிவிட்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம், தன் குரலுக்கும் தன் வயதுக்கும் ஏற்ப மாற்றலாம் என்பதுதான் வழக்கம். அதனால் ஒரு பாட்டை ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாகும்.

ஆல்பத்தைச் சரியாகப் பிடிப்பது

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்பி இசைத்தட்டை அறிமுகப்படுத்தியது. அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். எல்பியில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. முக்கால் மணி நேரம் ஒரே மனநிலையைப் பிடித்து நிறுத்தலாம், எந்தப் பாட்டுக்குப் பின் எது வரவேண்டும் என்று அடுக்கலாம் என்பதைப் பாடகர்கள் உணர்ந்தார்கள். அந்த அடுக்கும் இசையின் ஒரு பகுதி. அதைக் குலைத்துவிடக் கூடாது.

ஆகவே ஸ்ட்ரீமிங்கில் கேட்பதானால் முதலில் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலையில் கரையும் கிராஸ்ஃபேட் வசதியையும், ஆல்பம் முடிந்ததும் வேறு எதையோ தானாகப் போடும் ஆட்டோபிளேயையும் அணையுங்கள். அடுத்தது, அசல் ஆல்பத்தைத் தேடிப் பிடிப்பது. பழைய ஒலிப்பதிவுகள் பல பெயர்களில், பல அட்டைகளில், தாறுமாறான வரிசையில் மறுபடி மறுபடி வெளியாகியிருக்கின்றன. பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். சினாட்ராவின் 'இன் த வீ ஸ்மால் அவர்ஸ்' (1955) என்றால் 16. பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' (1958) என்றால் 12. 'தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்' பாட்டுக்குப் பின் இருப்பவை பிற்காலத்தில் ஒட்டப்பட்டவை. செட் பேக்கரின் 'செட் பேக்கர் சிங்ஸ்' 1954இல் 8 பாட்டுகளோடு பத்து அங்குலத் தட்டாக வந்தது. 1956இல் ஆறு பாட்டு சேர்த்துப் பன்னிரண்டு அங்குலத் தட்டாக்கினார்கள். இதில் எதை எடுத்தாலும் சரி.

மோனோ பதிவு கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். அந்தக் காலத்தில் அதுவே முதன்மைப் பதிவு. ஒலியைக் குறைத்து வையுங்கள். இந்தப் பாடகர்கள் மைக்கை நெருங்கி நின்று, பேசுகிற அளவுக்குத்தான் குரல் கொடுத்தார்கள். சத்தமாக வைத்தால் அந்த நெருக்கம் போய்விடும்.

முதலில் ஒரு சின்ன ஆல்பம்

சினாட்ராவிலிருந்து தொடங்கச் சொல்வதுதான் வழக்கம். நான் ஜானி ஹார்ட்மனிலிருந்து தொடங்கச் சொல்வேன். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு அவர் சேர்ந்து தந்த 'ஜான் கோல்ட்ரேன் அண்ட் ஜானி ஹார்ட்மன்' 1963 மார்ச் 7 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. ஆறே பாட்டு, அரை மணி நேரம் சொச்சம். எல்லாம் மெதுவான பாட்டுகள். ஹார்ட்மனின் ஆழ்ந்த குரலில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். ஆங்கிலப் பாட்டில் சொற்கள் பிடிபடவில்லை என்று தயங்குபவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது பாட்டான 'மை ஒன் அண்ட் ஒன்லி லவ்'வில் நின்று கேளுங்கள். முதல் சுற்று முழுக்கச் சொல்லே கிடையாது. கோல்ட்ரேன் சாக்ஸபோனில் மெட்டை வாசிக்கிறார். பிறகுதான் ஹார்ட்மன் வருகிறார். கோல்ட்ரேன் வாசித்தபோது எங்கே இழுத்தார், எங்கே மூச்சு விட்டார் என்று மனதில் வைத்துக்கொண்டு, அதே இடங்களில் ஹார்ட்மன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒரே பாட்டை இரண்டு பேரிடம் கேட்கும் பயிற்சி ஒரே தட்டில் கிடைத்துவிடும்.

ஒரு பாட்டு, மூன்று ஆல்பம்

இனி முக்கிய வேலை. மேலே சொன்ன மூன்று ஆல்பங்களிலும், செட் பேக்கர், சினாட்ரா, பில்லி ஹாலிடே மூவரும் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது: 'ஐ கெட் அலாங் வித்தவுட் யூ வெரி வெல்'. இசையமைத்தவர் ஹோகி கார்மைக்கேல். பத்திரிகையில் வந்த ஒரு கவிதையை ஒரு நண்பர் அவரிடம் கொடுத்திருந்தார். வெறும் முதலெழுத்துகள் போட்டு வெளியான கவிதை. பல ஆண்டுகள் கழித்து அதற்கு மெட்டமைத்தவர், எழுதியவரைக் கண்டுபிடிக்காமல் வெளியிட முடியாது என்று தேட வைத்தார். ஜேன் பிரவுன் தாம்ப்சன் என்ற முதிய விதவை என்று தெரியவந்தது. 1939 ஜனவரியில் பாட்டு வானொலியில் முதன்முதலாக ஒலிபரப்பானதற்கு முந்தைய இரவு அவர் இறந்துபோனார்.

கேட்பதற்கு முன் வரிகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பாடுபவர் "நீ இல்லாமல் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சாதிக்கிறார். உடனே, மழை பெய்யும்போது தவிர, யாரோ உன்னைப் போலச் சிரிக்கும்போது தவிர என்று ஒவ்வொரு விலக்காகச் சேர்த்துக்கொண்டே போகிறார். விலக்குகள் சேரச் சேர முதல் வாக்கியம் இற்றுப்போகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். வரிகளை மூடிவையுங்கள்.

முதலில் செட் பேக்கர். பதிவின்போது அவருக்கு வயது 24. அடிப்படையில் டிரம்பெட் வாசிப்பவர். குரலில் அதிர்வே இல்லை, நடிப்பும் இல்லை. சின்னக் குழு: டபுள் பாஸ், டிரம்ஸ், பியானோவும் செலஸ்டாவும் வாசிக்கும் ரஸ் ஃப்ரீமன். இவர் சொல்வதை நம்பலாமா என்று கேட்டுக்கொண்டே கேளுங்கள். எனக்கு இவர் சொல்வது நம்பும்படியாகவே இருக்கிறது. தன்னை ஏமாற்றிக்கொள்கிறோம் என்பதே இந்த இளைஞனுக்குத் தெரியவில்லை. அதுதான் வலிக்கிறது.

மறுநாள் சினாட்ரா. அவருக்கு அப்போது 39. டாமி டார்சியின் குழுவில் பாடிய காலத்தில், டார்சி டிராம்போன் வாசிக்கையில் மூச்சை எப்படிச் சேமிக்கிறார் என்று கவனித்துக் கற்றவர். ஆகவே இங்கே மூச்சைக் கேளுங்கள். எந்தச் சொல்லுக்குப் பின் மூச்சு எடுக்கிறார்? சாதிக்கும் வரியையும் விலக்கு வரியையும் ஒரே மூச்சில் கோக்கிறாரா, இடையில் நிறுத்துகிறாரா? இரண்டாம் முறை கேட்கும்போது நெல்சன் ரிடில் எழுதிய வாத்திய இசையை மட்டும் கவனியுங்கள்.

பில்லி ஹாலிடேயைக் கடைசியில் வையுங்கள். 1958 பிப்ரவரியில் பதிவான ஆல்பம் இது; அப்போது அவருக்கு 42. அடுத்த ஆண்டு ஜூலை 17 அன்று இறந்துபோனார். பின்னணியில் ரே எல்லிஸ் வாத்திய இசை அமைத்த பட்டுப் போன்ற வயலின்கள். முன்னால் நைந்து கரகரத்த குரல். முதல் முறை கேட்கும்போது அதிர்ச்சியாக இருக்கும். ரே எல்லிஸே அந்தப் பதிவில் குறைகளைத்தான் முதலில் கண்டார். பிறகு தனியாக உட்கார்ந்து கேட்டபோதுதான் அவர் மனம் மாறியது. நீங்களும் ஒரே தடவையில் முடிவு கட்டாதீர்கள். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி அவர் சொற்களை வைக்கும் விதத்தைப் பின்தொடருங்கள். அவர் பாடும்போது அந்த முதல் வாக்கியம் பொய் என்று பாடுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இருந்தும் சொல்கிறார்.

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். நாளுக்கு ஒன்று போதும். அதன்பின் மூன்று ஆல்பங்களையும் முழுதாகக் கேளுங்கள். சினாட்ராவின் எல்பியில் பக்கத்துக்கு எட்டுப் பாட்டு. எட்டாவது முடிந்ததும் நிறுத்தி, எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபக்கத்தைத் தொடங்குங்கள். தட்டைத் திருப்பும் அந்த இடைவெளியையும் எண்ணித்தான் வரிசை போட்டிருக்கிறார்கள்.

சுற்றை எண்ணுவது

ஸ்டாண்டர்ட் பாட்டுகளில் மிகப் பரவலான கட்டமைப்பு 32 பார். ஒரு பாருக்கு நான்கு தட்டு. எட்டு பாருக்கு ஒரு மெட்டு, அதே மெட்டு இன்னொரு முறை, பிறகு 'பிரிட்ஜ்' எனப்படும் வேறு மெட்டு எட்டு பார், மறுபடி முதல் மெட்டு. இது ஒரு சுற்று. பாடி முடித்ததும் வாத்தியக்காரர்கள் அதே சுற்றின் மேல்தான் கற்பனை செய்து வாசிக்கிறார்கள். மெட்டு மறைந்துவிடும், சுற்று மறையாது. இது தெரியாதவருக்கு நடுப்பகுதி வெறும் அலைச்சலாகத் தோன்றும்.

பழக ஏற்றது, பாடகி சாரா வானும் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனும் 1954 டிசம்பரில் பதிவுசெய்த ஆல்பத்தின் முதல் பாட்டு 'லல்லபை ஆஃப் பேர்ட்லேண்ட்'. நடுத்தர வேகம், 32 பார், தெளிவான பிரிட்ஜ். கைதட்டும்போது முதல் தட்டில் அடிக்காதீர்கள். நம் கை சமத்துக்குப் பழகியது. இங்கே இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும். டிரம்ஸில் ஹை-ஹாட் மூடும் சத்தம் அங்கேதான் விழும். சொற்களை விட்டுவிட்டு சாரா வெறும் அசைகளில் ஸ்காட் பாடத் தொடங்கும்போது எண்ணிக்கையைக் கைவிடாமல் பிரிட்ஜ் வரும் இடத்தைப் பிடியுங்கள்.

அரேஞ்சர் என்ற இன்னொரு ஆள்

எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதுபவர்தான் அரேஞ்சர். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் அவர் பெயரைத் தேடிப் படியுங்கள். பெரிய குழு ஆல்பங்களில் பாதி வேலை அவருடையது. கோல் போர்ட்டரின் 'ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' பாட்டை 1956இல் இருவர் வெளியிட்டார்கள். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பட்டி பிரெக்மன் அரேஞ்சர், சினாட்ராவுக்கு ரிடில். சினாட்ராவின் பதிவு 'சாங்ஸ் ஃபார் ஸ்விங்கின் லவ்வர்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. பாதிவரை அடக்கி வைத்த வாத்தியங்கள் நடுவில் மெல்ல மெல்ல ஏறி, மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிராம்போனில் வெடிக்கும். பல டேக்குகளுக்குப் பின்னும் ஒலிப்பதிவாளருக்குத் திருப்தியில்லை. பித்தளை வாத்தியங்களுக்கான மைக்குக்கு அருகே வரச் சொன்னார். அது பெர்ன்ஹார்ட்டுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சினாட்ராவே போய் ஒரு பெட்டியைத் தேடிக் கொண்டுவந்து போட்டார் என்று பெர்ன்ஹார்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் பதிவு 'கோல் போர்ட்டர் சாங் புக்'கில் வருகிறது. இரண்டு எல்பி, 32 பாட்டு. நார்மன் கிரான்ஸ் தன் வெர்வ் நிறுவனத்தில் அவரை வைத்து வரிசையாக வெளியிட்ட சாங் புக்குகளில் முதலாவது. இதை முழுதாக ஒரே அமர்வில் கேட்காதீர்கள்; ஒரு நேரத்துக்கு எட்டுப் பாட்டு போதும். 'எவ்ரி டைம் வீ சே குட்பை'யை மட்டும் தவறவிடாதீர்கள். மேஜர் மைனராக மாறும் விசித்திரத்தைப் பற்றி ஒரு வரி அதில் வருகிறது. அந்தச் சொல் விழும் இடத்திலேயே கீழே ஒலிக்கும் கார்டும், அதாவது ஸ்வரக் கூட்டும், மைனராகிறது. அந்த இடத்தை ஃபிட்ஸ்ஜெரால்ட் கொஞ்சமும் அழுத்தாமல் கடக்கிறார். அழுத்தியிருந்தால் கெட்டிருக்கும்.

அடுத்து

உங்கள் கையில் இப்போது இருக்கும் ஆல்பங்களுக்குள்ளேயே இன்னும் ஜோடிகள் உண்டு. 'க்ளாட் டு பி அன்ஹாப்பி', 'ஐல் பி அரவுண்ட்' இரண்டையும் சினாட்ராவும் பில்லி ஹாலிடேயும் பாடியிருக்கிறார்கள். அவற்றை முடித்தபின் குரலே இல்லாத ஒரு பதிவுக்குப் போகலாம். ஜானி கிரீன் இசையமைத்த 'பாடி அண்ட் சோல்' பாட்டை முதலில் பில்லி ஹாலிடே அதே பெயரில் 1957இல் வெளியிட்ட ஆல்பத்தில் கேளுங்கள். மெட்டு வாயில் வரும்வரை கேளுங்கள். பிறகு கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11 அன்று சாக்ஸபோனில் வாசித்ததைப் போடுங்கள். மூன்று நிமிடம், இரண்டு சுற்று. தொடக்கத்தில் சில பார்கள் மட்டும் மெட்டைக் காட்டிவிட்டு அவர் தன் வழியில் போய்விடுவார். நீங்கள் மனதுக்குள் பாட்டைப் பாடிக்கொண்டே வாருங்கள். பதினாறு பார் முடிந்து பிரிட்ஜ் தொடங்கும் இடத்தில் சுருதி அரை ஸ்வரம் மேலே ஏறும். அந்த ஏற்றம் இரண்டு சுற்றிலும் பிடிபடவில்லை என்றால் பில்லி ஹாலிடேயிடம் திரும்பிப் போய், பிரிட்ஜை மட்டும் இன்னொரு முறை கேட்டுவிட்டு வாருங்கள்.