வயிற்றில் டியூப் எடுத்த இடத்தில் வீக்கமா?

அப்பெண்டிக்ஸ் வெடித்தோ, குடலில் ஓட்டை விழுந்தோ வயிற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கு, உள்ளே தேங்கும் சீழும் நீரும் வெளியேற டாக்டர்கள் ஒரு டியூப் வைப்பதுண்டு. வயிற்றுச் சுவரில் தனியாகப் போட்ட சிறு துளை வழியே அது வரும். டியூபை எடுத்தபின் பெரும்பாலும் துளை தானாக மூடிவிடும். அபூர்வமாகச் சிலருக்குக் குடலோ, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையோ அதில் பிதுங்கும். இதுவும் குடலிறக்கம்தான். துளை 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலும், நோயாளி வயதானவர், உடல் பருத்தவர், ஓயாமல் இருமுபவர் என்றாலும் கூடுதல் கவனம் தேவை.

டியூப் எடுத்த அன்றோ, சில நாட்களிலோ அந்த இடத்தில் வீக்கம், வலி, கூடவே வாந்தி, வயிறு உப்புதல், வாயு பிரியாமை கண்டால் "வாயுக் கோளாறு" என்று காத்திருக்காதீர்கள். சிக்கிய குடல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கலாம். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடி, உண்ணவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல், 108-ஐ அழைத்துத் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

டியூபை வீட்டில் நாமே இழுக்கக் கூடாது. இருமும்போது அந்த இடத்தைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் சொல்லும்வரை தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். ருகூவும் ஸஜ்தாவும் சிரமமானால் உட்கார்ந்து சைகையால் தொழுங்கள்; நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது.