துபாஷி: ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர், கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதில்களைக் காண்பர். அக்கோட்டையை 1750இல் முசாபர் ஜங், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அளித்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி அழித்தனர். பாரசீகத்தில் ஆணை எழுதியோரும், பிரெஞ்சு பேசியோரும், தமிழ் வணிகரும் ஒரே கரையில் கூடிய காலம் அது. அவர்களுக்கு நடுவே நின்றவருக்குத் 'துபாஷி' என்று பெயர்.

வடமொழியில் 'த்வி' என்பது இரண்டு. 'பாஷா' என்பது மொழி. எனவே இருமொழி அறிந்தவர் என்பதே இச்சொல்லின் நேர்ப்பொருளாகும். துபாசி என்றும் எழுதுவர். ஆங்கிலேயர் வாயில் இது 'துபாஷ்' ஆயிற்று.

ஆயினும் இருமொழி அறிந்தார் அனைவரையும் உலகம் துபாஷி என்று அழைக்கவில்லை என்பதை மாணவர் கருத்திற்கொள்ள வேண்டும். கும்பினிக்குச் சரக்குச் சேர்த்தல், கடன் ஏற்பாடு செய்தல், செய்தி அறிந்து கூறல் ஆகியனவும் அவர் கடமைகளே. அறிவைக் குறித்த சொல் இவ்வாறு பதவியைக் குறிக்கலாயிற்று. புதுச்சேரியில் அப்பதவி வகித்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பிறர் சொல்லை மொழிமாற்றி உரைத்த அவர், தம் சொல்லைத் தமிழிலேயே எழுதி வைத்தது நம் பேறு.

பதவியோடு பழியும் வந்தது. சென்னைத் துபாஷி அவதானம் பாப்பையா, சதிக் குற்றத்திற்காக 1792இல் தண்டனை பெற்றார். அதே நகரில், அதே தொழிலில் பொருளீட்டிய பச்சையப்ப முதலியார் (1754–1794) அறத்திற்கு எழுதி வைத்த செல்வமே பின்னர்க் கல்விச்சாலைகளாயிற்று. எனவே பழியைச் சொல்லின் மேல் ஏற்றுதல் முறையன்று.

துபாஷி என்னும் சொல் தோன்றுமுன்பே அவ்வறிவின் பயனை மணிமேகலை காட்டியுள்ளது. கலம் கவிழ்ந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவன், தன்னைக் கொல்ல வந்தோரிடம் அவர்தம் மொழியிலேயே பேசி உயிர் தப்பினான். அதனோடு நில்லாமல், அவர்கள் தலைவனுக்குக் கொல்லாமையையும் அம்மொழியிலேயே உணர்த்தினான். பௌத்த நூலாயினும் இப்பகுதியை நம் இல்லச் சிறார்க்குச் சொல்லலாம்.

இக்காலத்தில் இருமொழியர், பன்மொழியர் என்பனவே ஏற்ற சொற்கள். 'பன்மொழிப் புலவர்' என்பதோ சிறப்புப் பெயர், தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரையும் கா. அப்பாத்துரையாரையும் தமிழுலகம் அவ்வாறு போற்றியது. நான்கு மொழிகளில் விலை கேட்கத் தெரிந்தவரை மேடையில் அப்பெயரால் அழைப்பது மிகை. நம் நிலையும் எண்ணத்தக்கதே. பிராகிருதத்தில் பஞ்ச நமஸ்காரத்தை நாள்தோறும் ஓதுகிறோம்; 'லோயே' என்றால் என்னவென்று பேரன் கேட்டால் பலர் விழிக்கிறோம். 'உலகில்' என்பது அதன் பொருள். அதனைச் சொல்லத் தெரியும் வரை, மனப்பாடத்தைக் கொண்டு நம்மைப் பன்மொழியர் என்று கூறிக்கொள்ள இயலாது.