பல நிரைகளை ஒருங்கே கொணர்தல்

தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. அட்டவணையிற் கிடையாகச் செல்லும் ஒவ்வொரு வரியும் நிரை எனப்படும். 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்பார் இத்தகைய அட்டவணைகளைக் கணிதநெறியால் ஆளும் முறையை வெளியிட்டார். அந்நெறியை அடியொற்றி, 1974-இல் அதே நிறுவனத்தாராகிய டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவர் ஒரு வினவுமொழியை வெளியிட்டனர். முதலிற் சீக்குவெல் எனப் பெயர் பெற்ற அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். என வழங்கலாயிற்று.

இம்மொழிக்குப் பன்மையே இயல்பு. அறுபதுக்கு மேல் மதிப்பெண் பெற்றோர் யாவர் என வினவின், ஒருவராயினும் ஓராயிரவராயினும் ஒரே விடையாகத் தரும். சி, கோபோல் முதலிய மொழிகளுக்கோ ஒருமையே இயல்பு. ஒரு மாறி ஒரு பொருளையே தாங்கும். எஸ்.கியூ.எல். வாக்கியங்களை இவற்றுள் பொதிந்து எழுதும் முறைக்கு உட்பொதிந்த எஸ்.கியூ.எல். என்று பெயர். இடந்தரும் மொழியை இல்லமொழி என்றும் வந்த மொழியை விருந்துமொழி என்றும் யாம் ஈண்டுக் கூறுவோம். விருந்தின் வாக்கியங்கள் 'எக்செக் எஸ்.கியூ.எல்.' என்னும் சொற்களோடு தொடங்கும். அவற்றினுள் வரும் இல்லத்து மாறிகளுக்கு முன் முக்காற்புள்ளி இடப்படும். முன்தொகுப்பி என்னுங் கருவி இவ்வடையாளங்களைக் கண்டு, அவ்வாக்கியங்களை இல்லமொழிக்குரியனவாக மாற்றித் தரும்.

ஒருமையும் பன்மையும் முரணும் இவ்விடத்தில் இணக்கஞ் செய்விப்பது கர்சர். அதனை அறிவித்து, திறந்து, வேண்டுமட்டும் கொணர்ந்து, முடிவில் மூடுதல் வேண்டும். கொணர்தல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரை வரும். நிரை தீர்ந்தவழி எஸ்.கியூ.எல்.கோடு என்னும் மாறியில் 100 என்னும் எண் விழும்; ஆரக்கிளின் வழக்கில் 1403 என விழும்.

இது பிழையற்ற முறையே, ஆயினும் மெத்தனமானது. புரோகிராம் ஒரு பொறியிலும் தரவுத்தளம் மற்றொன்றிலும் இருப்பின், ஒவ்வொரு நிரைக்கும் ஒரு போக்குவரவு நேரக்கூடும். நிரை என்னுஞ் சொல்லைத் தமிழ் பயில்வோர் புறத்திணையில் முன்பே அறிவர். ஆநிரை கவரச் சென்ற வெட்சி மறவர் ஓர் ஆவை ஊரில் விட்டுப் பின் மற்றோர் ஆவுக்காக மீண்டாரல்லர்!

ஆதலின் ஒற்றை மாறிக்கு ஈடாக நூறு அறைகளையுடைய ஓர் அணியைக் கொடுத்தல் நன்று. (அணி என்றது ஈண்டு அலங்காரம் அன்று, வரிசை.) ஒரு கொணர்தலில் நூறு நிரை வந்து நிறையும். ஆரக்கிளின் புரோ-சி இவ்வசதியை உடையது, ஐ.பி.எம்.-இன் டிபி2, இசட்/ஓஎஸ் பொறிகளுக்குரிய எட்டாம் பதிப்பில், 2004-இல் இதனைப் பெற்றது. அணியை மேலும் பெருக்குவதால் அதே அளவு பயன் விளையாது. பதினாயிரம் நிரைக்கு, ஒன்றொன்றாயின் 10,000 போக்குவரவு. நூறு நூறாயின் 100. ஆயிரம் ஆயிரமாயின் 10. முதற்பெருக்கம் 9,900-ஐ மிச்சப்படுத்த, அடுத்தது 90-ஐயே மிச்சப்படுத்துகின்றது. நினைவகமோ பத்து மடங்கு செலவாகின்றது.

இனி, இம்முறையிற் பெரிதும் அஞ்சத்தக்க இடம் கடைசிக் கொத்து. தேர்வெழுதியோர் 1,237 பேர் எனக் கொள்வோம். பன்னிரண்டு கொணர்தலில் 1,200 பேர் வந்தனர். பதின்மூன்றாவதில் எஞ்சிய 37 பேர் வருவர். வரும்போதே, நூறு நிறையாமையால், 'தீர்ந்தது' என்னுங் குறியும் உடன் வரும். அக்குறியைக் கண்டவுடன் சுழற்சியை விட்டு வெளியேறுமாறு எழுதியிருப்பின், கைக்கு வந்த 37 பேரும் முடிவுப் பட்டியலில் இடம்பெறார். புரோகிராமோ யாதொரு குறையுங் கூறாது இனிது முடிந்திருக்கும். இதனைத் தடுக்க வழியுண்டு. புரோ-சியில், எஸ்.கியூ.எல்.சி.ஏ. என்னும் செய்திப்பேழையில், சி மொழியினர் சுழியத்தினின்று எண்ணுதலால் இரண்டெனக் குறிக்கும் மூன்றாம் பிழையறையில், அதுகாறும் வந்த நிரைகளின் மொத்தம் இருக்கும். 1,237-இல் முன்னைய 1,200-ஐக் கழிக்க 37. அத்தனையைச் செயற்படுத்திய பின்னரே வெளியேறல் வேண்டும். சரியாக 1,200 பேரே எனின், பதின்மூன்றாங் கொணர்தலில் வேறுபாடு சுழியம். அப்பொழுதும் கணக்குப் பிழையாது.

தேர்வுக்கு வாராதவன் மதிப்பெண் சுழியம் அன்று, இன்மை. இவ்வின்மையை அறிவிக்க, அணிக்கு இணையாக ஒரு குறிப்பணியும் வேண்டும். உரிய அறையில் -1 இருப்பின் மதிப்பைப் படித்தல் கூடாது. முற்கொத்தில் அவ்வறையிலிருந்த பிறனொருவனுடைய மதிப்பெண் அங்கே இன்னுங் கிடக்கலாம்.

அணியினின்று அட்டவணைக்குள் நிரைகளைச் சேர்த்தலும் இவ்வாறே ஒரு வாக்கியத்தால் இயலும். புரோ-சியில் நாற்பத்தோராம் நிரை பிழைபட்டால் வேலை அங்கே நிற்கும். முதல் நாற்பது உள்ளே சென்றிருக்கும். செய்திப்பேழையின் அம்மூன்றாம் அறை 40 எனக் காட்டும். அந்நாற்பதையும் மீட்டுக்கொள்வதா, நிலைநிறுத்தி எஞ்சியவற்றைத் தொடர்வதா என்பதைப் புரோகிராம் எழுதுவோரே முன்னர்த் துணிந்து எழுதிவைத்தல் வேண்டும்.